ஜெனீவா கண்காட்சியா, லண்டன் கடிகாரச் சந்தையா?

கேள்வி: பாரிசில் இருக்கும் மகள் வீட்டுக்கு அடுத்த ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் செல்கிறோம். கைக்கடிகாரங்கள் மேல் எனக்குள்ள பைத்தியத்தை அறிந்த மாப்பிள்ளை, ஜெனீவாவில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறார். மகளோ, லண்டனில் ஒரே நாளில் நடந்து முடியும் சிறிய கடிகாரச் சந்தைதான் எனக்கு ஏற்றது என்கிறாள். என்னிடம் இருப்பவை நான்கு எச்.எம்.டி. கடிகாரங்களும் ஒரு சீக்கோவும் மட்டுமே. எதற்குப் போகலாம்?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மகள் சொல்வதே சரி என்பது என் கருத்து. ஆயினும் மாப்பிள்ளை சொல்வதைத் தட்டிக்கழிப்பதற்கு முன்னால், அந்தக் கண்காட்சி யாருக்காக நடத்தப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்று ‘வாட்சஸ் அண்ட் வொண்டர்ஸ்’ என்ற பெயரில் ஜெனீவா விமான நிலையத்தை ஒட்டிய பலெக்ஸ்போ அரங்கில் நடக்கும் கண்காட்சி, 1991-ஆம் ஆண்டு கார்த்தியே உள்ளிட்ட ஐந்தே நிறுவனங்களோடு, அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டுமான கூட்டமாகத் தொடங்கியது. பொதுமக்களுக்கு அதன் கதவு முதன்முதலாகத் திறந்தது 2017-இல்தான். அதுவும் ஒரே ஒரு நாளுக்கு. 2024-இல் 54 நிறுவனங்கள் கடை விரித்தன, ஏறத்தாழ 49,000 பேர் வந்தனர். ஏழு நாள் கண்காட்சியில் முதல் நான்கு நாட்கள் விற்பனையாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் அழைக்கப்பட்டவர்களுக்கும் உரியவை. கடைசி மூன்று நாட்கள்தான் கட்டணச் சீட்டு வாங்கி வருவோருக்கு. அந்த ஆண்டின் புதிய கடிகாரங்களை எந்த நாட்டுக் கடை எத்தனை பெறும் என்ற பேச்செல்லாம் முன்னைய நாட்களிலேயே, மூடிய அறைகளில் முடிந்துவிடுகிறது. அங்கே கடிகாரம் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப முடியாது, விற்பனையே கிடையாது. நீங்கள் காண்பது பெரும்பாலும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும்.

வில்லியனூர்த் தேருக்குப் போய் வந்தவர்களுக்கு இது புரியும். ஆளுநர் வடம் பிடிக்கிறார், ஊர் திரண்டு நிற்கிறது, பார்த்தே தீரவேண்டிய காட்சிதான். ஆனால் சாமியின் முகத்தைச் சரியாகப் பார்த்தோமா என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குவோம்.

உங்கள் மகள் சொல்வது, பிரிட்டிஷ் கடிகாரத் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு நடத்தும் நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். 2024 மார்ச்சில் லண்டன் லிண்ட்லி அரங்கில் அது முதன்முறையாக நடந்தபோது ஏறக்குறைய 40 தயாரிப்பாளர்கள் பங்கேற்றார்கள். அந்த ஒரு நாளுக்கென்றே சிலர் தனியாகச் சில கடிகாரங்களைச் செய்து கொண்டுவந்து விற்றார்கள். அமெரிக்காவில் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ நகரங்களில் நடக்கும் ‘விண்டப்’ சந்தையில் நுழைவுக் கட்டணமே கிடையாது. இத்தகைய இடங்களில் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் பெரும்பாலும் அந்த டயலை வரைந்தவராகவோ நிறுவனத்தைத் தொடங்கியவராகவோ இருப்பார். கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிப் பார்க்கலாம், கீயைத் திருகிப் பார்க்கலாம், விலை ஏன் இவ்வளவு என்று முகத்துக்கு நேரே கேட்கலாம்.

இதன் சுவையை நான் அறிந்தது லண்டனில் அல்ல, பெங்களூரில். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காப்பிக் கடையின் மாடியில் எச்.எம்.டி. பிரியர்கள் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். என் தந்தையின் ‘ஜனதா’வைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கியவர் முதலில் அதைக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு பின்மூடியின் விளிம்பில் கத்திமுனையை வைத்து நெம்பித் திறந்து, லென்சைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். “மெஷின் நன்றாக இருக்கிறது சார், கீ கொடுக்கும்போது கடைசிச் சுற்றில் மட்டும் அழுத்தாதீர்கள்” என்றவர், மூடியைப் பெருவிரலால் அழுத்திப் பூட்டிவிட்டு, டயலைப் பார்த்துச் சிரித்தார். “இது மாற்று டயல்.” நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத செய்தி அது.

அந்தச் சிரிப்புக்குள் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிறிய சந்தை என்றாலே நேர்மையான சந்தை என்று எண்ணிவிடக் கூடாது. பழைய மெஷினுக்குப் புதுச் சாயம் பூசிய டயலைப் பொருத்தி விற்பதைச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே அழைக்கிறார்கள். புதிய சிறு நிறுவனங்களிலும் பல, சீக்கோ குழுமத்தின் என்.எச்.35 போன்ற மெஷினை வாங்கி, வெளியில் செய்வித்த கூட்டுக்குள் வைத்துத் தங்கள் பெயரை அச்சிட்டு விற்கின்றன. அதில் குற்றமில்லை. மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஆறு, முழுக்கக் கீ ஏறியிருந்தால் 41 மணி நேர ஓட்டம் என்று உழைக்கும் மெஷின் அது, ஆனால் ஒரு நாளில் 20 விநாடி பின்தங்குவதும் 40 விநாடி முந்துவதும் அதன் வரம்புக்குள் அடங்கும் என்பதால், விலை ஏறும்போது “உள்ளே என்ன மெஷின், அதை நீங்கள் திருத்தி அமைத்தீர்களா?” என்று கேட்டுவிடுங்கள். நல்ல தயாரிப்பாளர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பிரான்சுக்காகப் பெறும் ஷெங்கன் விசா சுவிட்சர்லாந்துக்கும் செல்லும். பாரிசிலிருந்து ஜெனீவா ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். லண்டனுக்கோ தனி விசா வேண்டும். நம் ஊர்க்காரர்கள் பலரைப் போல நீங்களும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரானால், இணையத்தில் முன் அனுமதி பெற்றாலே போதும்.

கேள்வி: சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த கடிகாரக் கண்காட்சி உலகிலேயே பெரியது என்று படித்திருக்கிறேன். அது ஏன் நின்றுபோனது? பெரிய கண்காட்சிகளின் காலம் முடிந்துவிட்டதா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: செலவுக்கேற்ற பயனில்லை என்று கடை போட்டவர்களே உணர்ந்ததால் நின்றுபோனது. 1917-இல் பாசல் நகரில் தொடங்கிய பொதுப் பொருட்காட்சியிலிருந்து வளர்ந்த அந்தக் கண்காட்சிக்கு 2017-இல் சுமார் 1,300 நிறுவனங்கள் வந்தன. மறு ஆண்டே அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 650 ஆகச் சரிந்தது. ஒமேகா, லாங்கின்ஸ், டிசோ ஆகியவற்றை வைத்திருக்கும் ஸ்வாட்ச் குழுமம் 2018 ஜூலையில் விலகல் அறிவித்தது. 2020 ஏப்ரலில் ரோலெக்ஸ், பட்டேக் பிலிப், ஷனெல், ஷொப்பார், டியூடர் ஆகிய ஐந்தும் ஒரே நாளில் வெளியேறி ஜெனீவா பக்கம் போய்விட்டன. பெருந்தொற்றைக் காரணமாகச் சொல்வார்கள்; நோய் வருவதற்கு முன்பே உடல் மெலிந்திருந்தது.

ஆயினும் பாசலை நான் இகழமாட்டேன். தனியாகப் பட்டறை வைத்துக் கையால் கடிகாரம் செய்பவர்களுக்காக ஸ்வெண்ட் ஆண்டர்சன், வின்சென்ட் கலபிரீஸ் இருவரும் 1985-இல் ஒரு சங்கத்தை நிறுவினார்கள். அந்தச் சங்கத்துக்கு இடம் கொடுத்தது இந்தப் பெரிய கண்காட்சிதான். பிலிப் துஃபூர் என்ற தனி மனிதர், மணியடிக்கும் நுட்பம் முழுவதையும் கைக்கடிகாரத்துக்குள் அடக்கி 1992-இல் காட்டியதும், ‘சிம்ப்ளிசிட்டி’ என்னும் எளிய கடிகாரத்தை 2000-இல் கொண்டுவந்ததும் பாசலில்தான். தேர் ஓடும் வீதியின் ஓரத்தில் அந்தச் சிறு கடைகள் இருந்தன. கூட்டத்தைக் கூட்டியது தேர், மனத்தில் நின்றவை கடைகள். இன்றைக்கும் ஜெனீவாக் கண்காட்சி நடக்கும் அதே வாரத்தில், அரங்கில் இடம் கிடைக்காத சிறு தயாரிப்பாளர்கள் ஊருக்குள் ஓட்டல் அறைகளை எடுத்துத் தங்கள் கடிகாரங்களைக் காட்டுகிறார்கள். முத்தியால்பேட்டை வாசகர் ஜெனீவாவுக்கே போக நேர்ந்தால், அரங்குக்கு அரை நாள் கொடுத்துவிட்டு மீதி நேரத்தை இவர்களிடம் கழிக்கட்டும்.

கேள்வி: முதுநகரில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பேட்டரி மாற்றுவதும் வார் மாற்றுவதும்தான் இப்போது வேலை. இங்கே அப்படியொரு சிறு சந்தை நடத்தினால் யாராவது வருவார்களா?
– வாசகர், கடலூர்

பதில்: வருவார்கள், ஆனால் வாங்குவதற்கு அல்ல, திறந்து காட்டச் சொல்லி வருவார்கள். சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கியதிலிருந்து, அரசுப் பணி ஓய்வுக்கும் கல்யாணத்துக்கும் வாங்கியவை எத்தனையோ வீட்டு அலமாரிகளில் நின்றுபோய்க் கிடக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிறு மண்டபம், ஐந்து மேசைகள் போதும். முடிந்தால் ஒரு டைம்கிராபர் வாங்கி வையுங்கள்: கடிகாரத்தை மைக் மேல் வைத்ததும் அதன் துடிப்பைக் கேட்டு, நாளொன்றுக்கு எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்று திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. தாத்தாவின் கடிகாரம் போடும் கோட்டைப் பார்க்கப் பிள்ளைகளும் வருவார்கள். மேசைமேல் விளிம்பு உயர்ந்த தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்துக் கடிகாரத்தைத் திறவுங்கள். வாரைப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்பி ஒருமுறை தெறித்து மண்டபத் தரையில் விழுந்தால் அன்றைய காலை முழுவதும் அதைத் தேடுவதிலேயே போய்விடும்.