இடைவேளைக்குப் பிறகு வராதவர்கள்

அன்புள்ள சார்,

எங்கள் ஊரில் சிறியதாக ஒரு திரைப்படச் சங்கம் நடத்துகிறோம். மாதம் ஒரு படம். போன மாதம் ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘மிரர்’ போட்டோம். படத்தைத் தேர்வு செய்தது நான் என்பதால் திட்டும் எனக்குத்தான். முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். பாதியில் டீக்காகப் பத்து நிமிடம் விட்டோம். திரும்பி உள்ளே வந்தவர்கள் பதினாறு பேர்.

என்னுடன் வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் டீக்கடையிலேயே சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். “ஒருத்தனுக்கும் புரியலை, அதைச் சொல்ல ஒருத்தனுக்கும் தைரியமில்லை” என்றார். சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், “இதெல்லாம் ஒரு லெவலுக்கு மேல இருக்கிறவங்களுக்கான படம்” என்று பதில் சொல்ல, இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் படம் முடிந்து விளக்குப் போட்டபோது அழுதுகொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை.

எனக்குப் பாதிதான் புரிந்தது. அம்மா யார், மனைவி யார் என்பதே குழப்பம். இது உண்மையிலேயே நல்ல படமா, இல்லை நல்ல படம் என்று உலகம் சொல்வதால் நாமும் தலையாட்டுகிறோமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் டீக்கடையில் சொன்னதை அந்தப் படத்தின் சொந்த நாடான சோவியத் யூனியனிலேயே 1975இல் சொல்லிவிட்டார்கள். நேரில் அல்ல, கடிதத்தில். தார்க்கோவ்ஸ்கி பிற்பாடு எழுதிய சினிமா பற்றிய புத்தகத்தின் முன்னுரையில் அந்தக் கடிதங்களில் சிலவற்றை எடுத்துப் போட்டிருக்கிறார். லெனின்கிராடைச் சேர்ந்த ஒரு பெண் சிவில் எஞ்சினியர் எழுதுகிறார்: முதல் அரை மணி நேரத்திலேயே கடுமையான தலைவலி வந்துவிட்டது, ஏனென்றால் என்ன நடக்கிறது என்று நேர்மையாகக் கண்டுபிடிக்க முயன்றேன். கலினினிலிருந்து இன்னொரு எஞ்சினியர், ‘தோழர் இயக்குநரே, இந்தப் படத்தை நீங்கள் பார்த்தீர்களா?’ என்கிற தொனியில் கேட்கிறார். ஸ்வெர்ட்லோவ்ஸ்கிலிருந்து மூன்றாவதாக ஒருவர், வெறும் குப்பை என்கிறார். அவரும் எஞ்சினியர்தான்! எஞ்சினியர்கள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஒரு வயர் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. இந்தப் படத்தில் பாதி வயர்கள் சுவருக்குள் போனால் வெளியே வருவதில்லை.

அதே முன்னுரையில் கோர்க்கி நகரத்துப் பெண் ஒருத்தியின் கடிதமும் இருக்கிறது. என் சிறுவயது அப்படியேதான் இருந்தது, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாள். அந்தக் காற்று, அந்த இடிமழை, பூனையை வெளியே விடச் சொல்லிக் கத்தும் பாட்டி, அணைந்துபோன மண்ணெண்ணெய் விளக்கு, அம்மா வரவேண்டுமே என்று இருட்டில் காத்திருந்தது. படத்தின் கதை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரவுக் கல்லூரியில் படித்துக்கொண்டே வேலை பார்த்த ஒரு ஆலைத் தொழிலாளியும் எழுதியிருக்கிறார். அவரால் இந்தப் படத்தைப் பற்றிப் பேசவே முடியவில்லையாம், அதற்குள்ளேதான் வாழ்ந்துகொண்டிருக்கிறாராம்.

ஆகவே உங்கள் மூத்த உறுப்பினரின் ‘லெவல்’ கணக்கு எனக்குச் சரியாகப்படவில்லை. படித்தவர்களுக்குத் தலைவலி வந்திருக்கிறது, ஆலைத் தொழிலாளிக்கு வரவில்லை. உடனே அதைத் திருப்பிப்போட்டு ‘எளிய மனிதர்களுக்குத்தான் கலை புரியும்’ என்றும் சொல்லிவிட முடியாது. அறிவியல் கழகத்தின் இயற்பியல் நிறுவனத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு குறிப்பையும் தார்க்கோவ்ஸ்கி தருகிறார். நட்சத்திரங்களையும் கடலையும் பார்ப்பதுபோல இதைச் சும்மா பாருங்கள், இதில் கணிதத் தர்க்கம் கிடையாது என்கிறது அது. எழுதியவர்கள் விஞ்ஞானிகள். என் அனுபவத்திலும், இந்தப் படத்தைப் பாதியில் விட்டு எழுந்துபோனவர்களைவிட ‘எனக்கு முழுக்கப் புரிந்தது’ என்பவர்களிடம்தான் அதிக ஜாக்கிரதையாக இருக்கிறேன்.

சரி, குழப்பத்துக்கு வருகிறேன். உங்கள் குழப்பம் உங்கள் குறை அல்ல. படம் கட்டப்பட்டிருக்கும் விதம் அது. அம்மா மரியாவாகவும் மனைவி நதால்யாவாகவும் நடிப்பவர் ஒருவரே, மார்கரீத்தா தெரெகோவா. போர்க்காலத்துச் சிறுவன் அலெக்ஸெயாகவும் பின்னால் அவனுடைய மகன் இக்னாத்தாகவும் வருவது ஒரே பையன். போதாததற்கு வயதான அம்மாவாக வருபவர் தார்க்கோவ்ஸ்கியின் நிஜ அம்மா. ஆக, ஒரு முகத்துக்கு இரண்டு பெண்கள், ஒரு அம்மாவுக்கு இரண்டு முகங்கள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஆளோ, அதாவது வளர்ந்துவிட்ட அலெக்ஸெய், படத்தில் முகமே காட்டுவதில்லை, குரல் மட்டும்தான். நமக்கு ஒரு படத்தில் நுழையக் கைப்பிடி வேண்டும்: இவன் யார், இது எப்போது. இவர் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டார். கறுப்பு வெள்ளை என்றால் பழையது, வண்ணம் என்றால் இப்போது என்று வைத்துக்கொண்டு பார்த்தாலும் பத்து நிமிடத்தில் அந்தக் கணக்கும் உடைந்துவிடும். நான் முயன்று தோற்றிருக்கிறேன்.

ஆனால் ஒரு சாவியை அவரே கையில் கொடுக்கிறார், நாம்தான் கவனிப்பதில்லை. அந்தக் குரல் மனைவியிடம் சொல்கிறது: அம்மாவை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உன் முகம்தான் வருகிறது என்று. அவ்வளவுதான் விஷயம். நமக்கும் அப்படித்தானே? நாம் நினைவில் வைத்திருக்கும் இளவயது அம்மாவின் முகம் உண்மையில் எங்கிருந்து வந்தது? ஒரு பழைய போட்டோவிலிருந்தா, அக்காவிடமிருந்தா? நினைவுக்குள் இருக்கும் ஆளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அதை இருக்கிறபடியே எடுத்துவைத்தால் வெளியே இருப்பவனுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும்.

எடுத்தவருக்கே அது சுலபமாக அமையவில்லை. சுமார் இருநூறு ஷாட்டுகள்தான் படத்தில், ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட விதங்களில் மாற்றி மாற்றி அடுக்கியும் படம் நிற்கவில்லை, கடைசியாக ஒரு முயற்சியில்தான் நின்றது என்கிறார். இன்னொரு பக்கம் அசாத்தியமான துல்லியம். சிறுவயதில் இருந்த வீட்டைப் பழைய புகைப்படங்களை வைத்து அதே அஸ்திவாரத்தின்மேல் திரும்பக் கட்டினார்கள். வீட்டுக்கு முன்னால் அன்று பக்வீட் என்கிற தானியம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்த ஞாபகம் அவருக்கு. போய்ப் பார்த்தால் தீவனப்புல்லும் ஓட்ஸும்தான். இந்த மண்ணில் அது வராது என்று கூட்டுப்பண்ணைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். இவர் அந்த வயலை வாடகைக்கு எடுத்து, விதைத்து, பூக்கவைத்துப் படம் எடுத்தார். பூக்காமல் போயிருந்தால் படம் என்ன ஆகியிருக்குமோ என்று பின்னால் எழுதுகிறார். யாருக்கும் புரியக்கூடாது என்று மிதப்பில் படம் எடுக்கிற ஆள் ஒரு வயலுக்காக இவ்வளவு மெனக்கெட மாட்டான் என்பது என் எண்ணம்.

நம் குழப்பத்துக்கு யாரும் அதிகம் பேசாத ஒரு காரணமும் உண்டு. படத்தில் வரும் கவிதைகள் தார்க்கோவ்ஸ்கியின் அப்பா அர்செனி எழுதியவை. வாசிப்பதும் அவரே. குடும்பத்தை விட்டுப் பிரிந்துபோன அப்பா, அந்தப் பிரிவைப் பற்றிய மகனின் படத்தில் தன் குரலைத் தருகிறார். ரஷ்யப் பார்வையாளனுக்குக் காதில் கவிதை, கண்ணில் படம். நமக்கோ கவிதை கீழே ஆங்கில வரிகளாக ஓடுகிறது. அதைப் படித்து முடிப்பதற்குள் மேலே காட்சி போய்விடுகிறது. நான் முதல்முறை ஒரு மங்கலான டிவிடியில் பார்த்தேன், பாதியில் தூங்கிவிட்டேன். இரண்டாவது முறை சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பார்த்தேன். புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் டைட்டில் முடிந்ததும் வரும் அந்தக் காட்சியில், அம்மா வேலியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தபடி யாரையோ எதிர்பார்க்க, வழி தவறி வந்த டாக்டர் பேசிவிட்டுக் கிளம்ப, வயல் முழுக்கத் திடீரென்று ஒரு காற்று அடிக்கிறதே, அப்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

படத்தில் எனக்கும் ஒட்டாத இடம் இருக்கிறது. மாஸ்கோ வீட்டில் ஸ்பெயின்காரர்கள் கூடிப் பேசும் பகுதி இன்றுவரை எனக்கு வேறு படத்திலிருந்து வந்து விழுந்ததுபோலத்தான் இருக்கிறது. அதற்காகப் படத்தின் நடுநடுவே வரும் பழைய செய்திப்படத் துண்டுகள் எல்லாவற்றையும் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப் போரில் சிவாஷ் ஏரியின் சேற்றில் சோவியத் செம்படை வீரர்கள் முழங்கால் புதைய நடந்துபோகும் காட்சி, நடிகர்கள் யாரும் இல்லாத அந்தப் பழைய ஃபிலிம், படத்தின் மற்ற எதையும்விட எனக்கு நெருக்கம். அதை எடுத்த ராணுவ ஒளிப்பதிவாளர் அதே நாளில் இறந்துபோனார் என்று தார்க்கோவ்ஸ்கி எழுதுகிறார்.

தலையாட்டுகிறோமா என்று கேட்டீர்கள். கொஞ்சம் ஆட்டுகிறோம்தான். வெளிவந்தபோது அதிகாரிகளுக்குப் பிடிக்காமல் குறைந்த பிரதிகளோடு சில அரங்குகளில் மட்டும் ஓடிய படம், 2012இல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை உலக இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் ஒன்பதாவது இடத்துக்கு வந்துவிட்டது. அந்த எண்ணைக் கேட்டபிறகு கொட்டாவியை அடக்கிக்கொண்டு பார்க்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அதில் உங்கள் வங்கி நண்பர் சொன்னது நியாயம், அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் அவர் தப்பவிட்ட இடம் ஒன்று உண்டு. அந்த ஆசிரியை அழுதபோது அவர் உலகப் பட்டியல் எதையும் பார்த்துவிட்டு அழுததாகத் தெரியவில்லை. ஏன் என்று தெரியவில்லை என்று சொன்னாரே, அந்த மாலையில் மிக நேர்மையாகச் சொல்லப்பட்ட விமர்சனம் அதுவாகத்தான் இருக்கும். அவரை மேடையேற்றிப் பேசச்சொல்லிவிடாதீர்கள்.

நடைமுறையில் ஒன்று. மிரர் மொத்தமே ஒன்றே முக்கால் மணி நேரம்தான். அதன் நடுவில் டீ விட்டது பெரிய தப்பு. பாட்டுக்கும் சண்டைக்கும் நடுவே இடைவேளை தாங்கும், இந்தப் படத்துக்குத் தாங்காது. வெளியே போய்ப் பேச ஆரம்பித்தவுடன் எல்லோருக்கும் தலைவலி உறுதியாகிவிடும். அடுத்த மாதம் எந்தப் படம் என்று எழுதவில்லையே? எதுவானாலும் டீயைக் கடைசியில் கொடுங்கள். நண்பரையும் மூத்த உறுப்பினரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.