படத்தைப் பார்த்து அழுகிறான், என்னைப் பார்த்து அழுவதில்லை

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசம் என்று 4 வயதிலேயே சொல்லிவிட்டார்கள். போன மாதம் கோத்தகிரியில் குறும்பர் பழங்குடியினரின் ஓவியங்களைப் பார்க்கக் கூட்டிப்போனோம். தேன் எடுக்கும் படம் ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றான். கையை உதறிக்கொண்டே சிரித்தான், அப்புறம் அழுதான். தாத்தா இறந்தபோது அவன் அழவில்லை. நான் அழுதாலும் பக்கத்தில் வருவதில்லை. இவர்களுக்குப் பாசமே இருக்காது என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மூளை வளர்ச்சிப் பொடி ஒன்று வாங்கிக் கொடுக்கிறேன். சாப்பிடும்போதுகூடச் சில நொடிகள் வெறித்துப் பார்க்கிறான், அந்தப் பட நினைப்புதான் போல. படங்களே காட்டாமல் இருக்கலாமா?
– ஒரு தாய், கோத்தகிரி

மருத்துவர் பதில்: தாராளமாகக் காட்டுங்கள். கையை உதறுவது சந்தோஷம் தாங்காமல்கூட இருக்கும். அதைத் தடுக்க வேண்டாம்.

உங்கள் மகனுக்குப் பாசம் இல்லை என்று சொல்ல இந்தக் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. இணையத்தில் யாரோ எழுதியதை வைத்துப் பெற்ற பிள்ளையை எடைபோடாதீர்கள். படம் அசையாது, பேசாது, பதில் கேட்காது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அழுகிற அம்மாவின் முகமோ நொடிக்கு நொடி மாறும், குரலும் உடையும். சாவு வீடென்றால் கூட்டமும் ஒப்பாரியும் வேறு. அந்தச் சத்தத்தைச் சமாளிக்கவே அவனுக்குத் தெம்பு போதாது. ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்குத் தங்களுக்குள் எழும் உணர்வு இன்னதென்று பிரித்துச் சொல்ல வராது. நெஞ்சு படபடக்கும், அது துக்கமா, பயமா, சந்தோஷமா என்று தெரியாது. உணர்வு இருக்கிறது, வெளியே வரும் வழிதான் வேறு. தாத்தா போன பிறகு அவனுடைய தூக்கமோ சாப்பாடோ மாறியதா, அவர் உட்கார்ந்த இடத்தையே சுற்றி வந்தானா என்று யோசித்துப் பாருங்கள். படம் பார்க்கும்போது "என்ன தோணுது?" என்று குடையாமல், "எந்த இடம் பிடிச்சிருக்கு?" என்று கேளுங்கள். விரலால் தொட்டுக் காட்டினாலே போதும்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தச் சாப்பாட்டு விஷயம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வலிப்பு நோய் மற்றக் குழந்தைகளைவிட அதிகம். எல்லா வலிப்பிலும் கைகால் வெட்டி இழுக்காது. சில வகைகளில் குழந்தை சில நொடிகள் அப்படியே நின்றுபோகும், அவ்வளவுதான். பட நினைப்பு என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். அடுத்த முறை வெறித்துப் பார்க்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தொடுங்கள். நினைப்பில் மூழ்கியிருந்தால் பெரும்பாலும் திரும்புவான், இல்லாவிட்டால் கையையாவது தட்டிவிடுவான். தொட்டும் அசையவில்லை, கண் இமை துடிக்கிறது, வாய் மெல்லுவதுபோல அசைகிறது, விரல்கள் சட்டையைப் பிசைகின்றன, முடிந்ததும் குழம்பிப்போகிறான் அல்லது எதுவும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து சாப்பிடுகிறான் என்றால் தள்ளிப்போடாதீர்கள். செல்போனில் வீடியோ எடுங்கள். எத்தனை நொடி நீடித்தது, ஒரு நாளில் எத்தனை தடவை வந்தது என்று குறித்துவையுங்கள். இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் போகச் சொன்னாலும் அலுத்துக்கொள்ளாமல் இறங்கிப் போய்வாருங்கள். ஒருமுறை எடுத்த ஈ.ஈ.ஜி. சரியாக இருந்தாலே வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. அதனால்தான் வீடியோ கேட்கிறேன்.

அதுவரை குளியலறையிலும் அடுப்புப் பக்கத்திலும் அவனைத் தனியாக விடாதீர்கள். யார் வீட்டிலோ மிச்சமிருக்கும் வலிப்பு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலையும் வேண்டாம். கைகால் இழுப்பு வந்து 5 நிமிடம் ஆகியும் அடங்கவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தப் பொடியை இன்றே நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள், என்ன கலந்திருக்கிறார்கள் என்று அவரும் பார்க்கட்டும்.