ஆங்கில இலக்கியம் படிக்கலாமா? பேராசிரியை பதில்கள்

தென்மாவட்ட அரசு கலைக் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை, வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். ஆங்கில இலக்கியம், மொழியியல் படிப்பு பற்றி வந்த கடிதங்களிலிருந்து சில.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தேன். அரசுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் இடம் கிடைத்திருக்கிறது. "முதல் மாசமே அழுதுக்கிட்டு வந்து நிப்பே" என்கிறார் என் சித்தி. பயமாக இருக்கிறது மேடம். சேரலாமா?
மாணவி, சங்கரன்கோவில்

சேர்ந்துவிடு. முதல் மாதம் அழுகை வந்தாலும் வரும். என் வகுப்பில் அழாமல் தேறியவர்களைவிட அழுது தேறியவர்கள்தான் அதிகம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள். பி.ஏ. ஆங்கிலம் என்பது மூன்று வருட ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் என்று நினைத்துச் சேர்பவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். அங்கே கவிதை, நாடகம், நாவல், விமர்சனம், மொழி வரலாறு இவைதான் பாடம். பேச்சைத் தனியாகத்தான் பழக வேண்டும். கூச்சப்படாத தோழி ஒருத்தி அமைந்தால் போதும், பஸ்ஸில் போகும்போதே பேசிப் பழகலாம். தமிழும் உன்னை விட்டுப் போகாது. பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் எல்லாத் துறைக்கும் பொதுவான ஆங்கிலம், பகுதி மூன்றில்தான் உன் மேஜர். அலைடு பாடமாக இங்கிலாந்தின் சமூக வரலாறு வந்தால் அந்த வகுப்பில் தூங்காதே. எட்டாம் ஹென்றி ஏன் போப்பாண்டவரோடு முறித்துக்கொண்டார் என்று தெரியாதவர்களுக்கு அந்தக் காலத்து எழுத்தில் பாதிதான் புரியும்.

சரி, பயத்துக்கு வருவோம். கண் பார்வை போனதைப் பற்றிக் கவிஞர் மில்டன் எழுதிய சானெட் என்ற சிறு கவிதை எப்படியும் ஒரு செமஸ்டரில் உன் கைக்கு வரும். மொத்தம் 14 வரி. 1652-இல் இரண்டு கண்ணும் போயிருந்த மனிதர். ஆங்கில வழியில் படித்து வந்த பிள்ளைகளும் இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். "வென் ஐ கன்சிடர்" என்று தொடங்கும் வாக்கியம் வரிக்கு வரி வளர்ந்துகொண்டே போகும். என் வாழ்நாளில் பாதிகூட முடியுமுன் ஒளி போய்விட்டதே, கடவுள் கொடுத்த திறமை எனக்குள் சும்மா கிடக்கிறதே, இதையெல்லாம் நினைக்கும்போது... என்ன செய்கிறார்? அது எட்டாவது வரியில்தான் வருகிறது: "ஐ ஃபாண்ட்லி ஆஸ்க்". கேட்கிறார். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் வினைச்சொல் சீக்கிரம் வந்துவிடும் என்று பழகியவர்கள் நடுவழியில் தொலைந்துபோகிறார்கள். உனக்கோ வினைமுற்று கடைசியில் வருவதுதான் பிறந்ததிலிருந்து பழக்கம். பள்ளியில் சங்கப் பாட்டு படித்தபோது பல வரி தாண்டிப் போய் வினையைப் பிடித்து, எழுவாயோடு சேர்த்துப் பொருள் எழுதியிருப்பாயே, அதே வேலைதான் இங்கேயும். பென்சிலை எடு. முதன்மை வினையைத் தேடி அடிக்கோடு போடு. யார், என்ன செய்கிறார் என்று கண்டுபிடி. அகராதியைத் திறப்பதெல்லாம் அதற்கப்புறம். சொல்லுக்குச் சொல் அர்த்தம் எழுதி வைத்துக்கொண்டு வாக்கியத்தைத் தவறவிட்டவர்களின் விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

இன்னொன்று. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சேர்ந்த உடனேயே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பித்துவிடு. முதல் மாதப் பணத்தில் ஒரு நல்ல அகராதி வாங்கு. சித்திக்கு ஒன்றும் வாங்க வேண்டாம்.

என் மகள் பி.காம். இடம் கிடைத்தும் ஆங்கில இலக்கியம்தான் வேண்டும் என்று நிற்கிறாள். "டியூஷன் எடுக்கத்தான் லாயக்கு" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வேலை கிடைக்குமா?
ஒரு தந்தை, விருதுநகர்

சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை, ஐயா. பி.ஏ.வை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடினால் சிரமம்தான். அதோடு இன்னொன்று சேர வேண்டும். பி.எட். முடித்தால் பள்ளிக்கூடம். எம்.ஏ.வில் 55 சதவீதமும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் இருந்தால் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகத் தகுதி (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் சலுகை உண்டு). நெட்டில் ஆங்கிலத்துக்குப் பாட எண் 30, மொழியியலுக்கு 31. இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்விகள், மூன்று மணி நேரம். தப்பாக எழுதினால் மார்க் குறைக்க மாட்டார்கள்.

ஆனால் தகுதி வேறு, நிரந்தர வேலை வேறு. நெட் தேறிவிட்டுக் கௌரவ விரிவுரையாளராகவே வருடங்களைத் தள்ளுகிறவர்கள் என் மாணவர்களிலேயே இருக்கிறார்கள். இதை உங்களிடம் மறைத்தால் எனக்குத்தான் பாவம். வகுப்பறைக்கு வெளியே என்றால் பதிப்பகங்களில் எடிட்டிங், மொழிபெயர்ப்பு, ஓடிடி படங்களுக்கு சப்டைட்டில், ஐ.டி. கம்பெனிகளில் டெக்னிக்கல் ரைட்டிங் என்று வேலைகள் உண்டு. அங்கெல்லாம் பட்டத்தைப் பார்ப்பதைவிட நாலு பக்கம் எழுதச் சொல்லித்தான் பார்ப்பார்கள்.

மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பாடப்புத்தகம் தவிரக் கடைசியாக என்ன படித்தாய்? பட்டென்று பதில் வந்து, அதைப் பற்றி உங்களை உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தாள் என்றால் ஃபீஸைக் கட்டிவிடுங்கள். "இங்கிலீஷ் பேச வரும்னுதான்ப்பா..." என்று இழுத்தால் பி.காம். பக்கம் யோசிக்கலாம்.

இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஃபொனெட்டிக்ஸ் (ஒலியியல்) பேப்பரில் ஆங்கிலத்தின் 44 ஒலிகளையும் குறியீடுகளையும் எத்தனை தடவை மனப்பாடம் செய்தாலும் மறந்துபோகிறது. இது எதற்குப் பயன்படப்போகிறது?
மாணவர், காரைக்குடி

வாயால் படிக்க வேண்டியதைக் கண்ணால் படித்தால் மறக்கத்தான் செய்யும்.

அந்த 44 என்பது 24 மெய், 20 உயிர். உயிரில் 12 தனி உயிர், 8 கூட்டுயிர். தென் இங்கிலாந்தில் படித்தவர்கள் பேசிய ஒரு வகை உச்சரிப்பை வைத்துப் போட்ட கணக்கு இது. ஸ்காட்லாந்துக்காரரிடம் போனால் கணக்கே மாறிவிடும். தேர்வில் 44 என்று எழுது, வேதம் என்று நினைக்காதே.

இப்போது ஒரு பஸ் டிக்கெட்டை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுப் பிடி. இங்கிலாந்துக்காரர் ஒருவர் "பின்" என்று சொன்னால் அந்தக் காகிதம் படபடக்கும். அவரே "ஸ்பின்" என்று சொன்னால் கிட்டத்தட்ட அசையாது. முதல் "ப"வில் மூச்சு சீறி வருகிறது, இரண்டாவதில் இல்லை. நீ சொன்னால் பெரும்பாலும் இரண்டிலுமே காகிதம் சும்மா இருக்கும். வேடிக்கை என்னவென்றால், தான் இரண்டு விதமாகச் சொல்வது அந்த இங்கிலாந்துக்காரருக்கே தெரியாது.

சிரிக்காதே, உனக்கும் அதே கதைதான். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு "பம்பரம்" என்று மெதுவாகச் சொல். முதல் "ப"வுக்கு அதிர்வு இல்லை, "ம்"முக்குப் பிறகு வரும் "ப"வுக்கு அதிர்கிறது. "கடல், தங்கம், பகல்" என்று சொல்லிப் பார். மூன்று இடத்திலும் க வேறு வேறு ஒலி. நாம் ஒரே எழுத்தை எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம், ஏனென்றால் தமிழில் இந்த வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மாறும். பள்ளம் என்று பொருள்படும் சொல்லும், கடித்தான் என்று பொருள்படும் சொல்லும் அந்த ஓர் ஒலியால்தான் பிரிகின்றன. இரண்டையும் தமிழில் "பிட்" என்றுதான் எழுத முடியும் என்பதால் இங்கே உனக்கு எழுதிக் காட்டக்கூட முடியவில்லை! பொருளைப் பிரிக்கும் ஒலி ஒலியன், பிரிக்காமல் இடத்துக்குத் தக்கபடி வேஷம் மாற்றுவது மாற்றொலி. உன் புத்தகத்தில் ஃபொனீம், அல்லோஃபோன் என்று பத்துப் பக்கம் இருக்குமே, அது இதுதான்.

தொல்காப்பியத்தில் பிறப்பியலை எடுத்துப் பார். ப, ம இரண்டும் இதழ் இயைந்து பிறக்கும் என்கிறது. ர, ழ இரண்டும் நுனிநாக்கு மேலே போய் அண்ணத்தை வருடப் பிறக்கும் என்கிறது. "பைலேபியல்" என்று நீ இரவெல்லாம் கண்விழித்துப் படிப்பது இந்த இதழ் இயைவதைத்தான். தமிழ்த் துறை நண்பனிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பாதி பேப்பர் முடிந்துவிடும். ஒரே வராண்டாவில் இரண்டு துறையும் இருந்துகொண்டு ஒருவர் பாடத்தை ஒருவர் எட்டிப் பார்க்காத கல்லூரிகளை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

பயன் என்ன என்றா கேட்டாய்? "இஸ்கூல்" என்று சொல்லும் அப்பத்தாவைப் பார்த்து இனி நீ சிரிக்க மாட்டாய். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து நிற்பதைத் தமிழ் ஏற்காது, அதனால் முன்னால் ஓர் உயிர் வந்து உட்காருகிறது. ஸ்பானியக்காரரும் பள்ளிக்கு "எஸ்குவேலா" என்கிறார். நாளைக்கு நீ டீச்சராகப் போனால், எந்தப் பிள்ளை ஏன் அப்படிச் சொல்கிறது என்று காது கண்டுபிடித்துவிடும், பிரம்பு தேவைப்படாது.

அசைன்மென்ட்டை ஏஐ எழுதிக் கொடுக்கிறது. அதைச் சமர்ப்பித்தால் தப்பா மேடம்?
எம்.ஏ. மாணவர், கும்பகோணம்

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கும் அதைக் கூட்டிக்கொண்டு வர முடியும் என்றால் தப்பில்லை. என் காலத்தில் கைடு இருந்தது. கைடு மட்டும் படித்தவர்களைப் பிடிக்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் பேயை முதலில் பார்த்தது யார்? "ஹாம்லெட்" என்பார்கள். நாடகத்தின் முதல் காட்சியைப் புரட்டியவர்கள் காவல்காரர்கள் என்பார்கள். ஏஐ இதற்குச் சரியாகவே பதில் சொல்லிவிடும். என் எதிரே உட்கார்ந்திருப்பது நீங்கள்தானே!

பணி ஓய்வுக்குப் பிறகு ஆங்கில நாவல்கள் வாசிக்கிறேன். உச்சரிக்காத எழுத்தையெல்லாம் எழுதுகிறார்களே, இந்த ஸ்பெல்லிங்கை எந்தப் புண்ணியவான் வகுத்தான்?
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தூத்துக்குடி

யாரும் உட்கார்ந்து வகுக்கவில்லை. குதிரைவீரனைக் குறிக்கும் "நைட்"டில் தொடக்கத்தில் நிற்கும் கே 1400 வாக்கில், கவிஞர் சாசர் காலத்தில், வாயில் ஒலித்த எழுத்துதான். உயிரொலிகளும் வேறு மாதிரி இருந்தன. "நேம்" அப்போது ஏறக்குறைய "நாம", "ஹவுஸ்" ஏறக்குறைய "ஹூஸ்". பிறகு சுமார் 300 ஆண்டுகளில் நெட்டுயிர்கள் எல்லாமே வாய்க்குள் இடம் பெயர்ந்தன. அந்தப் பெயர்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே, 1476-இல், காக்ஸ்டன் என்பவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். எழுத்து அச்சில் மெல்ல உறைந்தது, பேச்சு தன்பாட்டில் ஓடியது. நாமும் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதிவிட்டு "வந்துக்கிட்டிருக்கேன்" என்றுதானே சொல்கிறோம்?

கடனைக் குறிக்கும் "டெட்"டில் இருக்கும் பி மட்டும் படித்தவர்கள் செய்த வேலை. பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல் வந்த சொல்லில், லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகச் செருகினார்கள். வங்கியில் இருந்த உங்களுக்கு அந்தச் சொல்லை அதிகம் எழுத வேண்டி வந்திருக்கும், பாவம்.

பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். அடுத்து எம்.ஏ. ஆங்கிலமா, மொழியியலா? மொழியியல் எடுத்தால் இலக்கியத்தை விட்டுவிட வேண்டியதுதானா?
மாணவி, பொள்ளாச்சி

கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன் விடவில்லை. மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்தவர், மதுரை தியாகராசர் கல்லூரி உட்படப் பல இடங்களில் ஆங்கிலம் கற்பித்தவர், அப்புறம் அமெரிக்கா போய் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். 1962-இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் தேடிப் போனவர் கையில் உ.வே.சா.வின் 1937-ஆம் வருடக் குறுந்தொகைப் பதிப்பு கிடைத்தது. 1967-இல் அதிலிருந்து தேர்ந்த பாடல்கள் அவர் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தன. ஒரு பாட்டில் எந்தச் சொல் எதைத் தழுவி நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கும் மொழியியல் கண் அந்த மொழிபெயர்ப்பில் வரிக்கு வரி தெரியும்.

மொழியியலில் ஒலியியல், உருபனியல் (சொல் அமைப்பு), தொடரியல் (வாக்கிய அமைப்பு), பொருண்மையியல் (சொற்பொருள்) படிப்பாய், களப்பணியும் உண்டு. உன் ஊருக்குப் பக்கத்து நீலகிரியில் 1930-களில் மொழியியல் அறிஞர் எமனோ வந்து தங்கி, தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதியது அந்த வகைக் களப்பணிதான். படிக்க, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஹைதராபாத்தில் 1958-இல் தொடங்கிய ஆங்கில நிறுவனம் இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகளுக்கான மத்தியப் பல்கலைக்கழகம். மைசூரில் 1969-இலிருந்து இருக்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தைப் பின்னால் வேலைக்கும் திட்டங்களுக்கும் நினைவில் வைத்துக்கொள்.

எதை எடுப்பது என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் ஊர்ப் பேச்சில் "ங்க" எங்கெல்லாம் ஒட்டுகிறது? சரிங்க, இல்லீங்க, ஏனுங்க, வந்தனுங்க. எங்கே ஒட்டாது? வாக்கியத்தில் ஒரு தடவைதான் வருமா, இரண்டு இடத்திலும் வருமா? யாருக்கு யார் சொல்வதில்லை? வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைக் கொஞ்ச நாள் நோட்டில் குறித்துக்கொண்டே வா. குறிக்கக் குறிக்க ஆர்வம் கூடினால் மொழியியல். பாட்டி சொல்லும் கதையில் மூழ்கி "ங்க"வைக் குறிக்கவே மறந்துபோனால் எம்.ஏ. ஆங்கிலம். இரண்டும் நடந்தால் ஹைதராபாத்துக்கு விண்ணப்பம் போடு, அங்கே இரண்டு படிப்பும் ஒரே வளாகத்தில் இருக்கிறது.