மஞ்சள் மாத்திரை மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பெருக்குமா?

கேள்வி: கொடுமுடிப் பக்கம் மஞ்சள் விவசாயம் செய்கிறோம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து, ஈரோட்டில் கீமோதெரபி நடக்கிறது. உடலில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பெருக்கிப் புற்றுநோயை அழிக்கும் என்று உறவினர் ஒருவர் மஞ்சள் சத்து மாத்திரை வாங்கித் தந்திருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மணி.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறு; வெளியிலிருந்து ஊட்டும் சத்து அன்று. செல் தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. உட்கருவில் டி.என்.ஏ.விலிருந்து நீண்ட இழை ஒன்று படியெடுக்கப்பட்டு, கொண்டை ஊசிபோல் மடிகிறது. அதை ட்ரோஷா என்ற நொதி வெட்டுகிறது. அந்தத் துண்டு உட்கருவை விட்டு வெளியே வந்ததும், டைசர் என்ற நொதி மறுபடி வெட்டி, ஏறத்தாழ 22 எழுத்து (ஆர்.என்.ஏ.வின் அடிப்படை அலகு) நீளமுள்ள இரட்டை இழையாக்குகிறது. அதில் ஓர் இழையை ஆர்கோநாட் புரதம் ஏந்திக்கொள்கிறது. அந்த இழை பொருத்தமான செய்தி ஆர்.என்.ஏ.வில் (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமப்பது) ஒட்டிக்கொண்டால், அதற்குரிய புரதத்தின் உற்பத்தி குறையும். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் முதலாவதையும் அது செயல்படும் விதத்தையும் உருளைப்புழுவில் கண்டறிந்து 1993-இல் வெளியிட்ட விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எந்த வகை, எவ்வளவு என்பதைச் செல் ஒவ்வொரு படியிலும் கட்டுப்படுத்துகிறது. டி.என்.ஏ. சேதமடைந்தால் பி53 புரதம், கட்டியை அடக்கும் மிர்-34 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் உற்பத்தியைக் கூட்டும். லின்28 புரதமோ அதேபோல் கட்டியை அடக்கும் லெட்-7 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. முதிராமல் தடுக்கும். புற்றுநோயில் குலைவது இந்தக் கட்டுப்பாடுதான். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் லெட்-7 குறைகிறது, மிர்-21 மிகுகிறது. மிர்-21 கட்டி வளரத் துணைபோவது. அதையும் சேர்த்துப் பெருக்கினால் யாருக்கு நன்மை? மிர்-34-ஐச் செயற்கையாகச் செய்து நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்த ஆய்வே, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது. அவ்வளவு நுட்பமான வேலையைக் கடைச் சரக்கு மாத்திரை செய்துவிடும் என்று உங்களிடம் மற்றவர்கள் சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஆய்வகத்தில் வளர்த்த செல்களில், மஞ்சளிலுள்ள குர்குமின் சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவை மாற்றியது உண்மை. ஆனால் வாய்வழி உட்கொண்டால் அது ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். சேரட்டும் என்று பல மாத்திரைகளில் மிளகுச் சத்தைக் கலக்கிறார்கள். அது மற்ற மருந்துகளின் அளவையும் மாற்றக்கூடும். இத்தகைய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

குழம்பிலும் ரசத்திலும் போடும் மஞ்சளை நிறுத்த வேண்டியதில்லை. அம்மா ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டிருந்தால், அடுத்த கீமோதெரபிக்கு முன்பே அந்தப் புட்டியைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். கல்லீரல் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.