பூர்விகப் புஞ்சையை வணிகப் பயன்பாட்டுக்கு விற்குமுன் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் தாத்தா பெயரிலேயே பட்டா உள்ள இருபது ஏக்கர் புஞ்சையை வணிக வளாகம் கட்டுவோருக்கு விற்க எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வாரிசுகள் அனைவரின் ஒப்புதலையும் எழுத்தில் பெற்று, பட்டாவை அவர்கள் பெயரில் கூட்டாக மாற்றி, நில அளவரைக் கொண்டு புலப்படத்தோடு (நில அளவை வரைபடத்தோடு) எல்லைக் கற்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரத்தில் உள்ள பரப்பு தரையில் இல்லாமல் போவதால்தான், நான் பார்த்தவரை, பேரங்கள் அதிகம் முறிகின்றன. வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களையே காட்டும் என்பதால், பதியாத குத்தகையையும் நிலுவை வழக்கையும் தனியே விசாரிக்க வேண்டும். 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் வகைக்கேற்பக் கணக்கிடும் சட்ட அளவு) என வரம்பிடுகிறது. புஞ்சைக்கு அது எத்தனை சாதாரண ஏக்கர் என்பது அதன் தீர்வையை, அதாவது நிலவரியை, பொறுத்தது. நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு நகர் ஊரமைப்புத் துறையை அணுகுமுன், அணுகுசாலையின் அகலத்தை அளந்துவிடுங்கள்.