சத்துக்கூடிய காய்கறி ரகங்கள்: கேள்வி பதில்

டெல்டா மாவட்டங்களில் காய்கறி பயிரிடுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு, காய்கறி ரக உருவாக்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் அளித்த பதில்கள்.

கும்பகோணத்திலிருந்து: ஐயா, நன்மை தரும் பொருள்களைக் கூட்டிய காய்கறி என்றாலே மரபணு மாற்றப் பயிர்தானா?

பெரும்பாலும் இல்லை. இங்கிலாந்தின் நார்விச் நகர ஆய்வாளர்கள் சிசிலித் தீவில் வளரும் காட்டு உறவினத்தைப் புரோக்கோலியுடன் கலந்து, குளுக்கோராபானின் என்னும் நன்மை தரும் பொருள் இரண்டு மூன்று மடங்கு கூடிய ரகத்தை உருவாக்கினார்கள். 2011இல் கடைக்கு வந்த அந்த ரகம் முழுக்க மகரந்தக் கலப்பால் பிறந்தது. நம் நாட்டில், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் நிறைந்த பூசா பீட்டா கேசரி காலிஃபிளவரும், திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் பூ சோனா சர்க்கரைவள்ளியும் மரபணு மாற்றமின்றி வந்தவையே.

கொள்ளிடக் கரையிலிருந்து: படுகையில் கத்தரி பயிரிடுகிறோம். நறுக்கியவுடன் கறுக்கும் காயில்தான் சத்து அதிகம் என்கிறார் பக்கத்து வயல்காரர். உண்மையா ஐயா?

பாதி உண்மை. கத்தரியின் சதையில் மிகுதியாக இருப்பது குளோரோஜெனிக் அமிலம் என்னும், உடலுக்கு நன்மை தரும் பீனாலிகப் பொருள். காயை நறுக்கும்போது செல்கள் உடைவதால், அதுவரை தனித்தனியே இருந்த அமிலமும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதியும் காற்றில் ஒன்றோடொன்று சேர்ந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகின்றன. ஆகவே கறுப்பது அமிலத்தின் அளவை மட்டுமன்றி நொதியின் வேகத்தையும் பொறுத்தது. அமிலம் மிகுந்தும் நொதி மந்தமாக இருக்கும் காய் வெள்ளையாகவே இருக்கக்கூடும். ஆய்வாளர்கள் தேடுவது இந்தச் சேர்க்கையைத்தான். ஸ்பெயினின் வலென்சியாவில், குளோரோஜெனிக் அமிலம் மிகுந்த சொலானம் இன்கேனம் என்னும் காட்டுக் கத்தரியை நாட்டு ரகங்களோடு கலந்து பார்க்கிறார்கள். காட்டுச் செடியின் கசப்பும் முள்ளும் கூடவே வந்துவிடுவதால், பயிரிடும் ரகத்தோடு பல தலைமுறைகள் மீண்டும் மீண்டும் கலந்து அவற்றைக் கழிக்க வேண்டியிருக்கிறது. வெட்டினால் வெள்ளையாக இருக்கும் காயையே சந்தை கேட்டுவருவதால், அறியாமலேயே இந்த அமிலத்தைக் குறைத்துத் தேர்வு செய்துவிடும் அபாயமும் உண்டு. தோலின் ஊதா நிறம் வேறு பொருள்; அந்தோசயனின் என்னும் அந்த நிறமி, தோலைச் சீவினால் அதோடு போய்விடும்.

மன்னார்குடியிலிருந்து: சம்பா அறுவடைக்குப் பின் நட்ட தக்காளி, சித்திரை வெயிலில் சிவக்காமல் ஆரஞ்சு நிறத்திலேயே நிற்கிறது. லைக்கோபீன் மிகுந்த ரகம் நட்டால் சரியாகுமா?

ரகம் மட்டும் போதாது. வெப்பம் ஏறத்தாழ 32 பாகையைத் தாண்டினால் பழத்தில் லைக்கோபீன் என்னும் சிவப்பு நிறமி உருவாவது முடங்கும். ஆரஞ்சு நிறக் கரோட்டின் அந்த அளவுக்குப் பாதிக்கப்படாததால்தான் இந்த நிறம் வருகிறது. நடவை முன்கூட்டி முடியுங்கள், காயை மறைக்கும் இலைகளைக் கிள்ளாதீர்கள், நிறம் திரும்பத் தொடங்கும் போதே பறித்து நிழலில் பழுக்க வையுங்கள். லைக்கோபீனைக் கூட்டும் 'ஹெச்பி' மரபணுக்கள் வெகுகாலமாகவே தெரிந்தவை. ஆனால் அவை செடியின் வளர்ச்சியைத் தளர்த்துவதால் பரவலாக இடம்பிடிக்கவில்லை.

வேதாரண்யத்திலிருந்து: நாங்களே தேர்வு செய்து சத்தான கீரை ரகம் உருவாக்க முடியுமா?

கண்ணுக்குத் தெரியும் பொருளில் முடியும். செங்கீரையின் சிவப்பு பீட்டாலைன் நிறமியால் வருவது. ஆகவே பச்சை கலந்த செடிகளைப் பூப்பதற்கு முன்பே பிடுங்கி, ஆழ்ந்த சிவப்புச் செடிகளை மட்டும் விதைக்கு விட்டு, அதையே பருவந்தோறும் செய்துவந்தால் நிறம் நிலைப்படும். கீரையில் மகரந்தம் காற்றில் பறக்கும் என்பதால் விதைப்பாத்தியை மற்றக் கீரைகளிலிருந்து தள்ளிப் போடுங்கள். இரும்புச்சத்தையோ, உடலில் கால்சியம் சேர்வதைத் தடுக்கும் ஆக்சலேட்டையோ நிறத்தை வைத்து அறிய முடியாது. அதற்கு ஆய்வகம் வேண்டும், அதுவும் ஒரே வயலில், ஒரே நாளில் பறித்த மாதிரிகளை ஒப்பிட்டால்தான் ரகத்தின் குணத்தை மண்ணின் குணத்திலிருந்து பிரிக்க முடியும். வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்துத் தொடங்காதீர்கள், அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிவிடும்.

மயிலாடுதுறையிலிருந்து: சமைத்தால் இவையெல்லாம் அழியாதா?

பொருளுக்குப் பொருள் மாறும். கரோட்டின் வேக்காட்டைப் பெருமளவு தாங்கும், சிறிது எண்ணெய் சேர்த்தால் உடல் நன்கு ஏற்கும். சிவப்பு வெண்டையின் அந்தோசயனின் சாம்பாரில் கரைந்து வெளிறும். நிறத்துக்காகவே அதை வாங்குவோர் வதக்கலாக இறக்கிக்கொள்வது மேல்.