வற்றிய குளத்துக்குள் கழிப்பறைக் குழி தோண்டலாமா?

கேள்வி: டாக்டர், பங்குனி உத்திரத்துக்கு சொந்தபந்தம் நாற்பது பேர் எங்கள் சாஸ்தா கோயிலில் மூன்று நாள் தங்குவோம். கோயில் குளத்தங்கரையில் இருக்கிறது. தண்ணீருக்கு ஒரு அடிபம்பு உண்டு, கழிப்பறை கிடையாது. குளம் இப்போது வற்றிக் கிடப்பதால் அதற்குள்ளேயே குழி தோண்டி ஓலை மறைப்பு கட்டலாம் என்கிறார் என் மைத்துனர். சரிதானா? மருமகள் ஆறு மாத கர்ப்பம்.
– நாங்குநேரி வட்டார வாசகர்

பதில்: மைத்துனர் சொல்வது வேண்டவே வேண்டாம். மண் இளக்கமாக இருக்கும், ஆள் நடமாட்டமும் இராது என்று நினைத்திருப்பார். ஆனால் வற்றிய குளத்தில் பல இடங்களில் நாலடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே ஐந்தடியாவது காய்ந்த மண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி நேராகத் தண்ணீரில்தான் இறங்கும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் குழி நிரம்பி வழியும். ஓடைக்குள் தோண்டுவதும் இதே கதைதான்.

அடிபம்பிலிருந்து நூறடிக்குக் குறையாமல் தள்ளி, அதைவிடத் தாழ்வாக, குளத்துக்கு வெளியே உள்ள காய்ந்த நிலத்தில் இடம் பாருங்கள். தேரி மணலாகவோ வெடிப்புள்ள பாறையாகவோ இருந்தால் தண்ணீர் வேகமாக இறங்கும்; நம் ஆட்கள் கால் கழுவ ஊற்றும் தண்ணீரும் சேரும். அங்கே இருநூறடியாவது தள்ளிப் போங்கள். சமையல் செய்யும் பக்கம் காற்றடிக்காத திசையாக இருக்கட்டும். அதற்காகத் தங்கும் இடத்திலிருந்து வெகுதூரம் கொண்டுபோய்விடாதீர்கள். நூற்றைம்பது அடிக்கு மேல் போனால் ராத்திரியில் பிள்ளைகளும் பெரியவர்களும் பக்கத்து உடைமரத்தடியில்தான் ஒதுங்குவார்கள். புதரும் கற்குவியலும் இல்லாத வெட்டவெளி நல்லது. பாம்பு பயம் குறையும். டார்ச் அவசியம்.

ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஒரு அடி அகலம், மூன்றடி ஆழம், ஆறடி நீளம் போதும். மிதித்து உட்கார இருபுறமும் பலகை போடுங்கள். வெட்டிய மண்ணைப் பக்கத்திலேயே குவித்து, ஒவ்வொருவரும் போனபின் இரண்டு கை மண் தள்ளட்டும். ஈயை அதுவே தடுத்துவிடும். பிளீச்சிங் பவுடர் கொட்டுவது வீண் செலவு. கோயில் என்று வெறுங்காலோடு போகிறவர்கள் இங்கே மட்டும் செருப்புப் போட வேண்டும். கொக்கிப்புழு பாதம் வழியாகத்தான் ஏறும். வெளியே வரும் வழியில் தண்ணீரும் சோப்பும் வையுங்கள். கிளம்பும்போது மண்ணை மேடாக மூடி, மேலே முள் போட்டுவிடுங்கள்.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற வாசகர்களுக்கு இது பொருந்தாது. அது புலிகள் காப்பகம். நீங்களாக எதையும் தோண்டக் கூடாது.

மருமகளுக்குக் கொதிக்கவைத்த தண்ணீர் மட்டும் கொடுங்கள். அசுத்தத் தண்ணீரில் பரவும் மஞ்சள் காமாலையில் ஹெபடைடிஸ் ஈ என்ற வகை கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தாகலாம். மறைவிடம் சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கவும் விடாதீர்கள். குழிமேல் குந்த முடியாவிட்டால், நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று செய்து கொடுங்கள். ஊர் திரும்பி ஒன்றிரண்டு மாதம் கழித்துக்கூட காமாலை தெரியலாம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.